சிப்காட்டு ராசாக்களுக்குக் கெழவன் சொல்றது

தம்பிங்களா, இப்படி வந்து குந்துங்க. ஓசூர்ல வேலைக்குப் போற பசங்களுக்கு மட்டு மரியாதை இல்லேன்னு எங்க திண்ணைக் கூட்டம் தெனமும் பொலம்புது. நான் ஒத்துக்க மாட்டேன். மரியாதை உங்ககிட்ட நெறையவே இருக்கு. யாருக்கு எடுத்துக் குடுக்கறீங்கங்கறதுலதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

மொதல்ல எங்க லட்சணத்தைக் கேளுங்க. 1980ல டிவிஎஸ் 50 இதே ஓசூர்லதான் பொறந்துச்சு. அதை வாங்கி நாங்க என்ன பண்ணோம்? முன்னாடி ஆம்பளை ராசா மாதிரி உக்காந்துக்குவான். பின்னாடி பொஞ்சாதி, அவ இடுப்புல கொழந்தை, மடியில கேவுரு மூட்டை. மேடு ஏறாம வண்டி தெணறினா எறங்கி நடக்கறது யாரு? மூட்டையும் இல்ல, ராசாவும் இல்ல. அந்த வம்சத்துல வந்த நீங்க, பஸ்ஸுல பொம்பளை ஏறினா எந்திரிச்சு எடம் விடறீங்க. மெச்சத்தான் வேணும்.

இருந்தாலும் கண்ணுல பட்டதைச் சொல்லணுமில்ல? 2021 மே மாசத்துலேர்ந்து நம்ம சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கெடையாது. 2023 ஜூன்ல அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட கர்நாடகாக்காரனும் அதே வழிக்கு வந்துட்டான். கழுத்துல கம்பெனி கார்டு தொங்கற பொண்ணு ஏறினா, ஒரு பொண்ணுக்கு நாலு பேரு எந்திரிக்கறீங்க. அடுத்த ஸ்டாப்புல கொத்தமல்லிக் கட்டோட ஒரு ஆயா ஏறுது. நாலு பேருக்கும் அப்பப் பாத்துக் கண்ணு சொக்கிடுது. நைட் ஷிப்ட் அசதின்னு நானும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன். முழிச்சிருக்கிற ஒருத்தன் 'ஓசி டிக்கெட்டு'ன்னு மொணகறானே, அவனும் தூங்கித் தொலைச்சா தேவலை.

ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பொண்ணுங்க 6,000 பேரு ஓசூருக்கிட்ட ஐபோன் வேலைக்குப் பயிற்சி வாங்கிட்டாங்கன்னு 2022ல மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் சொன்னாரு. அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு வந்து வழி கேட்டா உங்களுக்கு வர்ற பாஷையைப் பாக்கணுமே! தமிழு, தெலுங்கு, கன்னடம் பத்தாம, சினிமாவுல பாத்த இந்தியும் வருது. ஊரு விட்டு ஊரு வந்த புள்ளைக்கு வழி சொல்றது புண்ணியம்டா. ஆனா ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் பின்னாடியே போறது அந்தப் புண்ணியத்துல சேராது. அதே வழியை ஒடிசாப் பையன் கேட்டா மட்டும் 'மாலும் நஹி'ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடறீங்களே, அது என்ன நியாயம்?

இன்னொண்ணு. 2023ல லேலண்டு ஓசூர் ஃபாக்டரியில எஞ்சின் கோக்கற ஒரு லைனையே முழுக்கப் பொம்பளைங்க கையில குடுத்துட்டாங்க. போச்சம்பள்ளி ஓலாவுல 10,000 பொம்பளைங்கள வெச்சு ஸ்கூட்டர் செய்வோம்னு 2021லயே அறிவிச்சாங்க. இந்த ஊர்ல போயி, ரோட்டோரம் வண்டி நின்னுபோன பொண்ணுகிட்ட, 'நவுருங்க, உங்களுக்குத் தெரியாது'ன்னு ஸ்பேனரைப் புடுங்கலாமா? காலையிலேர்ந்து எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு வந்தவளா இருப்பா. 'ஒத்தாசை வேணுமா?'ன்னு கேளு. 'வேணாண்ணா'ன்னா கெளம்பிப் போயிட்டே இரு. அண்ணான்னு கூப்புட்டாளேன்னு மொகம் தொங்கிச்சுன்னா, நீ எதுக்கு வண்டிய நிறுத்தினேன்னு எனக்குப் புரிஞ்சுடும்.

எல்லாத்தையும் விட எனக்கு ஆச்சரியம் உங்க கம்பெனி கேன்டீன்தான். 250 பேருக்கு மேல வேலை செய்யற ஃபாக்டரியில கேன்டீன் வெக்கச் சொல்ல 1948 சட்டத்துலயே எடம் இருந்துச்சு. அங்க நீங்க வரிசையில நிக்கறீங்க, முந்தறதில்ல. தின்னுட்டுத் தட்டை நீங்களே எடுத்துப் போயி அதுக்குண்டான எடத்துல வெக்கறீங்க. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. ஆனா அதே கையி வீட்டுக்கு வந்தா, களி தின்ன தட்டுலயே கழுவிட்டு, 'அம்மா, தண்ணி'ங்குது. செல்போனை மட்டும் பத்திரமா எடுத்துக்கிட்டுப் போகுது. அம்மாவுக்குன்னு இன்னும் யாரும் சட்டம் போடல பாரு.

சரி, நேரமாச்சு, ஷிப்ட் பஸ் வந்துடும். போறதுக்கு முன்னாடி ஒரு விசயம். என் பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். டிப்ளமா படிச்ச புள்ளை, மாசம் பொறந்தா அவளும் சம்பளம் வாங்கறா. பையனோட சம்பளச் சீட்டு எனக்கு வேணாம். எந்தக் கம்பெனின்னும் கேக்க மாட்டேன். பையன் இல்லாத நேரமாப் பாத்து, சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வந்து, அவங்கம்மாகிட்ட ஒரு வாய் மோரு வாங்கிக் குடிச்சுட்டு, 'உம் பையன் வீட்டுல எப்படிம்மா?'ன்னு கேப்பேன். அந்தம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிக்குதுன்னு பாத்தாப் போதும். எப்ப வருவேன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.