டில்லிக் குளிர் கண்டவர்

காமயகவுண்டன்பட்டியில் ஒரு பையனுக்கு டில்லியில் வேலையோ படிப்போ அமைந்துவிட்டால், அந்தச் செய்தி தாய்மாமன் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அவர் காதுக்குப் போய்விடும். அவர்தான் டில்லிக் குளிர் கண்டவர். கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்த ஊர் டீக்கடையை எடுத்துக்கொண்டாலும் இந்த ரகத்தில் ஒருவராவது தேறுவார். வாலிபத்தில் ஏதோ ஒரு கம்பெனியிலோ கேன்டீனிலோ கணக்கு எழுதிக்கொண்டு ஒன்றிரண்டு குளிர்காலம் டில்லியில் இருந்துவிட்டு, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பியவர். திரும்பி முப்பது வருஷம் ஆகியிருக்கலாம். திராட்சைத் தோட்டம் போட்டு, பேரன் பேத்தியும் எடுத்திருக்கலாம். பேச்சில் மட்டும் இன்னும் கரோல்பாகில்தான் குடியிருக்கிறார். மார்கழி அதிகாலையில் ஊரே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கும்போது, இவர் மட்டும் "இதெல்லாம் ஒரு பனியா?" என்று சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி விட்டுக்கொள்வார். இருமல் மருந்து வீட்டில் தனியாக இருக்கும். அது டில்லிக் கணக்கில் வராது.

புறப்படப் போகிற பையனை அவர் விசாரிக்கும் முறையே தனி. "ஏப்பா, டில்லிக்காமுல்ல?" என்பார். "ஆமா மாமா" என்று அவன் சொன்னதும் உடனே பேச மாட்டார். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கத் தயாராகிவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டுதான் ஆரம்பிப்பார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, ஐஸ்தான் விழும். தேங்காய் எண்ணெயை உளி வைத்துப் பெயர்த்தெடுக்க வேண்டும். எதிரே நிற்பவன் பேசினால் வாயிலிருந்து வரும் ஆவியில் அவன் முகமே தெரியாது. "நான் இருந்தப்ப ரெண்டு டிகிரி" என்று முடிப்பார். கவனிக்க வேண்டியது இந்த இரண்டைத்தான். கொஞ்ச காலத்துக்கு முன்வரை அது நான்காக இருந்தது. பேரன் காலத்தில் மைனஸில் இறங்கியிருக்கும். எண்ணில் ஏமாறுகிற ஊர் அல்ல இது. பெரியாறு அணையின் நீர்மட்டத்தை அரை அடி கூட்டிச் சொன்னால் அதே டீக்கடையில் நாலு பேர் மறித்துவிடுவார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்வயலும் அந்த மட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. டில்லியின் டிகிரியை நம்பி இங்கே யாரும் நாற்றுப் பாவுவதில்லை. அதனால் தட்டிக் கேட்கவும் ஆளில்லை.

அதற்காக அவரைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் எதற்கும் உதவாத உண்மை. தேங்காய் எண்ணெய் உறையும், சரிதான். அது ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழியில் காமயகவுண்டன்பட்டி வீட்டு அலமாரியிலும் உறைகிறது, உளி யாரும் தேடுவதில்லை. டில்லியில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டதும் உண்டு. சப்தர்ஜங் வானிலை ஆய்வகத்தின் பதிவில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6; 2006 ஜனவரி 8 அன்று 0.2, 2021 புத்தாண்டுக் காலையில் 1.1. ஆனால் இவையெல்லாம் விடியலை ஒட்டிய சற்று நேரத்துக் கணக்கு. அந்த நேரத்தில் எந்தப் புதியவனும் வெளியே நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். அவனை உண்மையில் வதைப்பது வேறொரு எண். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான், 1901க்குப் பிறகு டிசம்பரில் அப்படி ஒரு குளிர்ந்த பகல் வந்ததில்லை. மூடுபனியும் தாழ்ந்த மேகமும் சூரியனை மறைத்துக்கொண்டால் பகலும் சூடேறாது. சமவெளியில் இரவு நான்கு டிகிரிக்கு இறங்கினால் வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. பகல் சூடேறாமல் போவதற்குக் குளிர் நாள் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகியும் ஈரமாகத் தொங்குவதும், குளிப்பதை நாளைக்குத் தள்ளிப்போடும் ஒழுக்கக்கேடு ஆரம்பமாவதும் அந்த நாட்களில்தான். நம்மவரும் ஈரப் பனியனை இஸ்திரி போட்டுக் காயவைத்துத்தான் ஆபீஸ் போயிருப்பார். அதைச் சொல்வாரா? மாட்டார். பனியனில் என்ன வீரம் இருக்கிறது?

என் கட்சி இதுதான்: டில்லிக்குப் போகிறவனுக்குத் தேவையான அறிவு அத்தனையும் இவரிடம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லத் தகுதியில்லை என்று ஒதுக்கிவைத்த மூட்டையில் இருக்கிறது. அந்த மூட்டை தானாக அவிழ்வதும் உண்டு. அதற்குப் போட்டிக்காரர் யாராவது வர வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் டீக்கடைக்குள் நுழைந்தால் இவர் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார். சியாச்சினில் மைனஸ் 50 வரை பார்த்துவிட்டு வந்தவர் முன்னால் கரோல்பாக் குளிரை அவிழ்த்துவிட முடியாது. அன்றைக்கு டில்லி வெயில்தான் தலைப்பு. ஆனால் கனடாவிலிருந்து யாராவது, பனியில் பாதி புதைந்த காரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இவர் பின்வாங்குவதில்லை. "மைனஸ் இருபதா இருந்தா என்னப்பா? வீட்டுக்குள்ள போனா பனியனோட உக்காந்துருப்பான். டில்லியில வீட்டுக்குள்ளயும் அதே குளிருதான்." வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் இது, பொறாமையில் பிறந்தது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. டில்லி வீடுகள் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை: கல் பதித்த தரை, காற்றுக்கு வழிவிடும் சன்னல்கள், கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து. டொராண்டோவில் குளிரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகலாம். டில்லியில் அதுவும் கூடவே உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். வீடு பார்க்கும்போது பகலில் வெயில் விழும் அறையா என்று கேட்க வேண்டும் என்ற யோசனை இதிலிருந்துதான் வருகிறது. நூறு முறை "ரெண்டு டிகிரி" என்று சொன்னாலும் அது வராது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், நியாயமானதும்கூட. பெரியவர் கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் என்ன? பயந்த பையன் ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்வான், நல்லதுதானே? எடுத்துக்கொள்வான். மே மாதத்தில் போனாலும் எடுத்துக்கொள்வான் என்பதுதான் தொல்லை. டில்லி என்றாலே குளிர் என்று மனத்தில் பதிந்துவிட்டவன், இரண்டு கம்பளியோடு நிஜாமுதீனில் இறங்கி, தார்ப் பாலைவனத்துப் பக்கமிருந்து வரும் லூ என்ற அனல்காற்றில் மாட்டிக்கொள்கிறான். வெயில் நமக்குத் தெரியாததா என்று கேட்பார்கள். பள்ளத்தாக்கு வெயில் தெரியும். இங்கே எவ்வளவு காய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் சாரலாகவாவது தலையில் தெளிக்கும். டில்லியில் 2024 ஜூன் 19 அன்று இரவின் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. உடம்பு ஆறுவதற்கு இரவு என்ற ஒன்றே இல்லை என்று அர்த்தம். அதிலிருந்து ஒன்பதாம் நாள், ஜூன் 28 அன்று, இருபத்துநாலு மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதம் முழுவதற்குமான வழக்கமான மழையைப் போல் மூன்று பங்கு. அடுத்த மாதம் 27ஆம் தேதி, பழைய ராஜேந்திர நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் ஒன்றின் தரைக்கடி அறையில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தேனி மாவட்டத்திலிருந்து அந்தத் தெருக்களுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. தரைக்கடியில் அறையோ படிப்பறையோ எடுக்காதே என்று அவர்களிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். குளிர் கண்டவர் குளிரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயம் நல்லதுதான், பயப்பட வேண்டியதைப் பார்த்துப் பயந்தால்.

குளிரிலேயேகூட அவருடைய பயமுறுத்தல் இடம் மாறித்தான் விழுகிறது. ஐஸ் விழும் குழாயை நினைத்து நடுங்கியவன் முதலில் செய்வது, சன்னலை இறுக்கச் சாத்திவிட்டு அறைக்குள் அங்கீட்டி என்கிற கரியடுப்பை மூட்டுவது. மூடிய அறையில் கரி எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது; வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் தூங்கினவர்கள் எழுந்திராத செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. குளிரால் சாகாமல் குளிருக்குச் செய்த வைத்தியத்தால் சாவது என்பது இதுதான். இதற்கு நேர்மாறான பையனும் உண்டு: மேகமலையைப் பார்த்து வளர்ந்தவன், நவம்பர் காலையில் டில்லியில் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து ஆசையோடு சன்னலைத் திறந்து மூச்சை இழுத்துவிடுவான். அது மேகமல்ல, வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, தூசி, வயலில் அறுவடைத் தாளைக் கொளுத்திய புகை எல்லாம் கலந்தது. குளிர் கண்டவர் டில்லியில் இருந்த காலத்தில் இதற்கு இவ்வளவு பெயர் கிடையாது என்பதால் அவரை இதில் விட்டுவிடலாம்.

இன்னொரு மறுப்பு செல்போன் வைத்திருக்கும் எல்லாரிடமும் இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் பெரியவரைக் கேட்கிறார்கள், வானிலை கையிலேயே இருக்கிறதே என்பார்கள். கையில் இருப்பதும் எண்தான். 2024 மே 29 அன்று டில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று தானியங்கி நிலையம் காட்ட, உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. அதே நாளில் சப்தர்ஜங்கில் 46.8. பிறகு வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, அங்கிருந்த உணர்கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று சொன்னது. எந்திரமே மூன்று டிகிரி கூட்டும்போது மனிதர் இரண்டு டிகிரி குறைத்தால் குற்றமா என்று குளிர் கண்டவரின் கட்சிக்காரர்கள் கேட்கலாம். எந்திரத்தைச் சோதித்தார்கள், இவர் முப்பது வருஷமாகச் சோதனைக்கு உட்படவில்லை. தவிர, மூன்றாம் மாடியில் வடக்குப் பார்த்த அறையில் ஜனவரி எப்படி இருக்கும் என்பதை எந்தச் செயலியும் சொல்வதில்லை. அதற்கு அங்கே படுத்து எழுந்த மனிதர்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர் எப்படிப் பேசுவார் என்பதற்கும் வேறெங்கும் போக வேண்டாம். இதே மனிதரிடம் உள்ளூர் வானத்தைப் பற்றிக் கேளுங்கள். ஐப்பசியில் பன்னீர்த் திராட்சை பழுத்துத் தொங்கும் நேரத்தில் மேகம் கருத்தால், இதுவரை இங்கே பெய்த மழையிலேயே பெரிய மழை எது என்று அவர் பேசமாட்டார். ராத்திரி இறங்குமா, மருந்து அடித்தால் நிற்குமா, வியாபாரிக்குப் போன் போட்டுக் காலையிலேயே வெட்டச் சொல்லிவிடலாமா, பழம் வெடித்தால் கிலோவுக்கு என்ன போகும் — பேச்சு இப்படித்தான் போகும். மிகையே இருக்காது, ஏனென்றால் மிகைப்படுத்தினால் அவருக்கே நஷ்டம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கணக்குகளில்தான் பிழைத்திருக்கிறது. உள்ளூரில் வானிலை அவருக்கு வேலை. டில்லியில் அது மெடல். வேலையைப் பற்றிக் கேட்டால் சரியாகப் பேசுகிறவர், மெடலைப் பற்றிக் கேட்டால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். தப்பு அவர்மேல் பாதி, கேட்கிறவன்மேல் பாதி. "டில்லியில குளிரு எப்படி மாமா?" என்று கேட்டால் மெடல்தான் வெளியே வரும். "துணியெல்லாம் எப்படிக் காயவச்சீங்க? கட்டிலை எந்தப் பக்கம் போட்டீங்க? லீவுக்கு ஊருக்கு வர்றப்ப வண்டி எத்தனை மணி நேரம் லேட்டு?" என்று கேட்டால், முதலில் கொஞ்சம் ஏமாந்துபோவார், பிறகு சொல்லுவார்.

ஆகவே டில்லிக்குக் கிளம்பும் தம்பிகள் போகுமுன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ரஜாயை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கேயே மலிவாகக் கிடைக்கும். பொங்கலுக்கு ஊர் வருவதாக இருந்தால் மூடுபனியில் வண்டி பல மணி நேரம் தாமதமாகும்; மதுரையிலோ தேனியிலோ அடுத்த பயணத்துக்கு அரை நாளாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.