மவுண்ட் அண்ணன்

எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீட்டு லேப்டாப்புகளில் லினக்ஸ் ஏற்றிவிட்டவர் ஒருவர் இருக்கிறார். வைரஸ் தொல்லை இருக்காது, காசு கிடையாது, பழைய லேப்டாப் குதிரை மாதிரி ஓடும் என்று சொல்லித்தான் ஏற்றினார். பெரும்பாலும் உண்மைதான். சில நாள் பென்டிரைவைச் செருகினால் எதுவுமே நடக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த நான்கு வீட்டுக்கும் அவர்தான் குடும்ப டாக்டர். "என்ன, மவுண்ட் ஆகலையா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். அதனால் பெயரே மவுண்ட் அண்ணன் ஆகிவிட்டது. சொந்த ஊர் பரங்கிமலை போலிருக்கிறது என்று மூன்றாவது மாடிப் பாட்டி இன்றும் நம்புகிறார்.

முதலில் விசாரணை. "கடைசியா எங்க செருகினீங்க?" ஜெராக்ஸ் கடையில். "எடுக்கும்போது எஜெக்ட் கொடுத்தாங்களா, அப்படியே பிடுங்கினாங்களா?" இதற்கு யார்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்? பல் பிடுங்கியதைச் சொல்வது போல, "பிடுங்கினாங்கதான்" என்று தலைகுனிய வேண்டியதுதான். காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும் பாதி ஃபைல் மெமரியிலேயே காத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று விளக்குவார். லினக்ஸுக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்னும் இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும்.

அப்புறம் கறுப்புத் திரை. 'டிமெசேஜ்' என்று அடித்துவிட்டு, நாடி பிடித்த சித்த வைத்தியர் மாதிரி கண்ணை இடுக்கிக்கொள்வார். கெர்னல் தன் வாழ்நாளில் பட்டதையெல்லாம் வரிவரியாகக் கொட்டும். "எஸ்டிபி ஒன்னு உட்கார்ந்திருக்கான் பாருங்க. ஆள் வந்துட்டான், வீட்டுக்குள்ளதான் வர மாட்டேங்கிறான்." நமக்குப் பென்டிரைவ் ஒரு பொருள், அவருக்கு அது கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கும் உறவுக்காரர்.

மவுண்ட் கட்டளை கொடுத்ததும் வரும் பதில் இருக்கிறதே: ஃபைல் சிஸ்டம் வகை தப்பு, இல்லையென்றால் ஆப்ஷன் சரியில்லை, அதுவும் இல்லையென்றால் சூப்பர்பிளாக் கெட்டிருக்கிறது. எல்லாம் ஒரே வரியில். வயிற்றுவலி என்று போனால், "வாயுவாக இருக்கலாம், பித்தமாக இருக்கலாம், திருஷ்டியாகவும் இருக்கலாம்" என்று சொல்லும் வைத்தியரை என்ன செய்வீர்கள்? மவுண்ட் அண்ணன் கும்பிடுவார்.

அடுத்தது தலபுராணம். எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் வெளியிட்டது. அந்த வருடமே கெர்னல் 5.4-இல் அதற்கு இடம் கிடைத்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தது 5.15-இல், 2021. பிறகு வில்லன் வருவான்: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். "ஷட்டவுன் பண்ணினா அது நிஜமா தூங்கப் போகலைங்க, பாதிக் கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கு. டிஸ்க் சாவி இன்னும் அது இடுப்புலதான்!" சொல்வது சரிதான், மறுக்க முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது அந்த டிஸ்கில் இருக்கும் ரேஷன் கார்டு ஸ்கேன் காப்பி.

இங்கேதான் ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு உள்ளே இருக்கும் ஃபைல்மேல் துளி ஆசை கிடையாது. நோய்தான் பிரியம். ஒருநாள் அவர் லிஃப்டில் ஏறி வருவதற்குள் பென்டிரைவ் தானாகத் திறந்துவிட்டது. முகம் வாடிப்போய், "அதுவாவா திறந்தது? என்ன பண்ணினீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். கழற்றி மறுபடி செருகிப் பார்த்தார். அது மறுபடியும் திறந்து தொலைத்தது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கழற்றுவதிலும் சடங்கு உண்டு. 'யுமவுண்ட்' என்ற கட்டளையில் ஓர் 'என்' குறைவதற்கு அவரிடம் மூன்று கதைகள் இருக்கின்றன, மூன்றும் நீளம். கட்டளை கொடுத்தால், 'டார்கெட் பிஸி' என்று வரும். யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் துப்பறிவார். கடைசியில் பார்த்தால், அவருடைய கறுப்புத் திரையேதான் அந்த ஃபோல்டருக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் எதிர்வீட்டு அக்காவின் மகள் வளைகாப்பு வீடியோ. வெளி ஹார்ட்டிஸ்க். செருகினால் விளக்கு எரிகிறது, டிமெசேஜில் ஒரு முனகல்கூட இல்லை. அண்ணன் முகத்தில் அப்படியொரு ஒளி! போர்ட்டை மாற்றினார். மின்சாரம் போதவில்லை, யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும் என்றார். கெர்னலை மாற்றலாமா என்று யோசித்தார். இரண்டு மணி நேரம், மூன்று காபி.

சார்ஜ் போட வந்த அக்கா, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது என் போன் வயராச்சே?"

டிஸ்கின் சொந்த வயர் அகலமானது. போன் வயர் அந்தப் பொந்தின் ஒரு பாதியில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதுவோ சார்ஜுக்கு மட்டும் செய்த மலிவு வயர். உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. சொந்த வயர் டிவிக்குப் பின்னால் கிடைத்தது. வீடியோ திறந்தது. அக்கா வீட்டில் எல்லோரும் வளையல் எண்ண உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போன் வயரை அழகாகச் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்க்கா. இப்படி ஒன்னு கிடைக்கிறது அபூர்வம்."

"அப்ப என் போனுக்கு?"