மாப்ள லைட்டு மாட்டப் போறாரு

வாங்க மாப்ள. ஹால்ல தொங்குற பழைய ஹோல்டரைக் கழட்டிட்டு, ஆன்லைன்ல வாங்குன சரவிளக்கை நீங்களே மாட்டப் போறீகளாம்ல? ஒயர்மேன் கேட்ட 400 ரூவா மிச்சம். வீடியோவும் பாத்தாச்சாம். அதுல ஒரு வெள்ளைக்காரன் நாலே நிமிசத்துல மாட்டிட்டுக் கையைத் தட்டிட்டுப் போயிட்டானாம். அவன் வீட்டுக்கு வயர் இழுத்தவன் வேற, இந்த வீட்டுக்கு இழுத்தவன் வேறங்கறதை அவன் சொல்லியிருக்க மாட்டான். சரி, ஏறுங்க. நான் தடுக்கல. இந்தக் கட்டிலை விட்டு எந்திரிக்கவும் போறதில்ல.

என்னது, சுவிட்சை அணைச்சாச்சா? அடேங்கப்பா, படிச்ச மாப்ள! சுவிட்சு ஃபேஸு வயர்ல இருந்தா நீங்க செஞ்சது சரி. நம்ம வீட்டுல அதைக் கொண்டுபோய் நியூட்ரல்ல போட்டு வச்சிருந்தான்னா? பல்பு என்னமோ அணைஞ்சுதான் போகும். ஆனா மேல ஹோல்டர்ல கரண்டு காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். ராத்திரி சுவிட்சை அணைச்ச பெறகும் எல்இடி பல்பு மினுக்குமினுக்குன்னு எரியுதுன்னு எம்பொண்ணு பயந்தாளே, நீங்ககூடச் சிரிச்சீகளே, அது பேயில்ல மாப்ள. அனேகமா இந்தக் கூத்தாத்தான் இருக்கும்.

மெயினை இறக்குங்க. இறக்கிட்டீகளா? ஃபேன் இன்னும் சுத்துதே, பாத்தீகளா? இன்வெர்ட்டரு! ஈபி கரண்டு போனா உங்களுக்குக் காத்து வரணும்னு போன வருசம் நீங்க வாங்கி வச்சதுதான். நீங்க மெயினை இறக்குனா, கரண்டு போச்சுன்னு அது பேட்டரியில இருந்து எடுத்து அதே 230 வோல்ட்டை அனுப்பும். அப்ப இன்வெர்ட்டரை மட்டும் அணைச்சாப் போதும்ல, மெயின் எதுக்குன்னு கேப்பீக. முன்னாடி இருக்கற பொத்தானை அணைச்சாலும், மெயின் கரண்டு அது வழியா நேரா லைட்டுக்குப் போற மாதிரிதான் முக்காவாசி இன்வெர்ட்டரு இருக்கு. அதனால ரெண்டையும் அணைக்கணும்.

அப்புறம் அந்தப் பீஸ் கட்டையைப் புடுங்கி உங்க சட்டைப் பையில போட்டுக்கிடுங்க. நீங்க மேல நிக்கையில, மிக்ஸி ஓடலைன்னு உங்க அத்தை வந்து மெயினைத் தூக்கிவிட்ருவா. வேணும்னு செய்ய மாட்டா. சட்னி பாதியில நின்னா அவளுக்குக் கண்ணு தெரியாது.

டெஸ்டர் வச்சிருக்கீகளா? எரியலைன்னதும் கையை விட்றாதீக. மெயினை இறக்குறதுக்கு முன்னாடியே கரண்டு இருக்கற பிளக்குல வச்சு, டெஸ்டருக்கு உசுரு இருக்கான்னு பாக்கணும். பட்டப்பகல்ல அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. மர ஸ்டூலு, ரப்பர் செருப்புன்னு நின்னா இன்னும் மங்கும். கலரை நம்பாதீக. பழைய வீட்டுல சிவப்பு ஃபேஸு, கறுப்பு நியூட்ரலு. இப்ப வாங்குற சாமான்ல பழுப்பும் நீலமும். நம்ம ஆளு எந்தச் சுருள் மீந்துச்சோ அதை இழுத்திருப்பான்.

டிரிப்பர் காப்பாத்தும்ங்கறீக. எம்சிபி வயரைக் காப்பாத்த வச்சது மாப்ள, உங்களையில்ல. நீங்க இன்ஜினியரு, வகுத்துப் பாருங்க: 9 வாட்டு பல்பு, 230 வோல்ட்டு. 40 மில்லி ஆம்பியர்கிட்ட வருதா? அம்புட்டு நெஞ்சு வழியாப் போனாலே ஆளு சோலி முடிஞ்சுரலாம். லைட்டு லைன்ல இருக்கறது 6 ஆம்பியர் எம்சிபி. ஏதோ ஒரு பல்பு கூட எரியுதுன்னு நினைச்சுக்கிட்டு அது சும்மா இருக்கும்.

ஆர்சிசிபி இருக்கேங்கறீகளா? நல்ல சாமான்தான். 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிஞ்சாலே விழுந்துரும். ஆனா அது பாக்குறது போன கரண்டு திரும்பி வருதாங்கறதை மட்டும்தான். நீங்க ஸ்டூல்ல பத்திரமா நின்னுக்கிட்டு ஒரு கையில ஃபேஸும் மறு கையில நியூட்ரலும் பிடிச்சீகன்னா, போனது பூராவும் உங்க வழியாத் திரும்பி வந்துரும். கணக்கு நேரா இருக்குன்னு அது பாட்டுக்கு இருந்துரும்.

அந்தப் பச்சை வயரை எதுக்குன்னு வெட்டிவிடாதீக. சரவிளக்கு இரும்பு, எர்த்து அதுக்குத்தான். முறுக்கிச் செல்லோ டேப்பு ஒட்டுறதும் வேணாம், கடையில கனெக்டர் இருக்கு.

பெட்டியில என்ன போட்டிருக்கு, 6 கிலோவா? குண்டு பல்பைத் தாங்குன ரெண்டு ஸ்க்ரூவுல இதைத் தொங்கவிடப் போறீக. காங்கிரீட்டுல கொக்கி போடாம நிக்காது. அதுக்கு நேர் கீழதான் உங்க அத்தை உக்காந்து சீரியல் பாக்குறா.

ஓ, அதுக்குத்தான் அந்த இடத்தைப் பாத்தீகளா?

கேட்டு சத்தம் கேக்குதுல்ல? ஒயர்மேன்தான். காலையிலேயே போன் போட்டு வரச்சொல்லிட்டேன். 400 ரூவாயை நீங்க குடுத்துருங்க.