சொன்ன சொல் தட்டாத சர்வர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் யாரையாவது புகழச் சொன்னால் என் ஓட்டு சர்வருக்குத்தான். புகைபோக்கியில் பொருத்திய அனலைசர் அனுப்பும் எண்களை வாங்கி, டேட்டாபேஸில் அடுக்கி, சராசரி போட்டு, ரிப்போர்ட்டாக அனுப்பி வைக்கிறதே, அந்தச் சர்வருக்கு. எழுதி வைத்ததைச் செய்யும். எழுதாததைக் கனவிலும் செய்யாது. இரும்புக் கழிவை உருக்கிக் கம்பியாக இழுக்கும் இந்த வட்டாரத்தில் இவ்வளவு கீழ்ப்படிதல் வேறு எவரிடமும் நான் கண்டதில்லை.

அது வந்த கதையே பெருமைக்குரியது. 2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் உத்தரவு போட்டது. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் புகையையும் கழிவுநீரையும் நாள் முழுக்க அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும், அளவுகள் வாரியத்தின் சர்வருக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்றது. அதுவரை அதிகாரி வந்து மாதிரி எடுத்தால்தான் அளவு. அவர் வரும் நாளில் எந்தச் சிம்னியும் ஒழுக்கமாகத்தான் இருக்கும். அந்த நிலைமை மாற வழி பிறந்தது. இது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி சர்வரின் குணங்களுக்கு வருகிறேன். முதலாவது பொறுமை.

செட்டிங்ஸ் திரையைத் திறந்தால் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, எந்தப் போர்ட்டில் பேச வேண்டும் என்று கேட்கும். மைஎஸ்க்யூஎல் என்றால் வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, அனலைசரோடு மோட்பஸ் டிசிபியில் பேசுவதென்றால் 502. இதில் ஓர் இலக்கம் மாறிப் போனாலும், ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட யாரும் மறந்தாலும், சர்வர் கூச்சல் போடாது. இணைப்பு கிடைக்கவில்லை என்று லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். மறுபடியும் ஒரு வரி. யாராவது அந்த ஃபைலைத் திறக்கும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். அங்கே சிம்னி புகைகிறது, கண்ட்ரோல் ரூமில் பச்சை விளக்கு எரிகிறது, வாரியத்தின் பக்கத்தில் மட்டும் கட்டங்கள் காலியாக நிற்கின்றன.

இரண்டாவது நாவடக்கம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் இஞ்சினியர்களின் பழைய அறிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. அனலைசர் பல இடங்களில் தன் அளவை மின்னோட்டமாக அனுப்புகிறது: 4 மில்லி ஆம்பியர் என்றால் தூசு பூஜ்யம், 20 என்றால் அளவுகோலின் உச்சம். தொடக்கம் ஏன் 4? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். "புகை இல்லை" என்பதும் "கம்பி இல்லை" என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது என்று யோசித்தே அந்த 4-ஐ வைத்தார்கள். உச்சத்தை 200 மில்லிகிராம் என்று செட்டிங்கில் எழுதியிருந்தால், அறுந்த கம்பியின் அளவு கணக்குப்படி மைனஸ் 50 என்று வரும். மைனஸ் தூசு உலகத்தில் கிடையாது என்பதால் பார்த்தவுடன் கோளாறு தெரிந்துவிடும். ஆனால் அதே திரையில், எதிர்மறை எண் வந்தால் பூஜ்யமாக்கு என்று ஒரு டிக் போட முடியும். போட்டுவிட்டால் சர்வர் மறுபேச்சுப் பேசாது. கம்பி அறுந்த நாளெல்லாம் சிம்னி சுத்தம். மேல்முனையிலும் அதே அடக்கம்தான். உண்மையில் 700 மில்லிகிராம் போனாலும் கருவி 20 மில்லி ஆம்பியரில் நின்றுவிடும், சர்வர் 200 என்று எழுதும். அதற்கு மேல் ஒரு சொல் அதன் வாயிலிருந்து வராது.

மூன்றாவது பங்கிடும் நியாயம். இதைப் பார்க்கச் சிம்னியை விட்டு, வெளிக்காற்றை அளக்கும் நிலையத்தின் சர்வருக்குப் போவோம். தமிழ்நாட்டில் உயரழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மின்கட்டணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. மாலை உச்ச நேரத்திலோ 25 சதவீதம் கூடுதல். மின்சாரத்தைத் தின்று இரும்பை உருக்கும் ஃபர்னஸ் இரவில் எரிவதற்கு இப்படி நேர்மையான காரணமே இருக்கிறது. அப்படியொரு இரவை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அந்த 7 மணி நேரமும் வெளிக்காற்றில் பிஎம் 10 தூசு கன மீட்டருக்கு 280 மைக்ரோகிராம் என்றும், மீதி 17 மணி நேரம் 35 என்றும் வைப்போம். 24 மணி நேரச் சராசரி 106. இந்தியத் தரநிலையின் வரம்பு 100. மீறல்.

அதே இரவை, நள்ளிரவு 12 மணிக்கு நாளை வெட்டும் ரிப்போர்ட்டில் போட்டுப் பாருங்கள். முந்தைய நாளுக்கு 2 மணி நேரப் புகை, அடுத்த நாளுக்கு 5 மணி நேரப் புகை. முன்னதும் பின்னதும் அமைதியான இரவுகளாக இருந்தால் முதல் நாள் சராசரி 55, மறுநாள் 86. இரண்டு நாளும் தேறிவிட்டன! ஒரு மைக்ரோகிராமைக்கூட யாரும் அழிக்கவில்லை. இரண்டு நாளுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டதோடு சரி. மத்திய வாரியத்தின் தினசரிக் காற்றுத் தரப் பட்டியல் மாலை 4 மணிக்கு முந்தைய 24 மணி நேரத்தை எடுக்கிறது, அதனால் இரவு முழுசாக ஒரே கணக்கில் விழுகிறது. அதை அப்படி அமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ரிப்போர்ட் அமைக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கடிகாரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நான்காவது மன்னிக்கும் மனம். காற்றுத் தரக் குறியீடு போடுவதற்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேரத் தரவு போதும் என்பது விதி. கரண்ட் போகும், நெட் போகும், கருவியைக் கழுவ வேண்டும். கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன அதே இரவில் அந்த 7 மணி நேரம் மட்டும் தரவு வராமல் போனால் என்ன ஆகும்? 17 மணி நேரம் கையில் இருக்கிறது, விதி நிறைவேறிவிட்டது. சராசரி 35. மற்ற மாசுகளும் அடங்கியிருந்தால் அந்த நாளுக்குப் பச்சை நிறம், "நல்லது" என்ற சான்று. மூச்சுத் திணறிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிப்காட்டை அடுத்த பாப்பன்குப்பத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த தாய்க்கும் சேர்த்தே அந்தச் சான்று.

ஐந்தாவது, நீதிமன்றப் படியேறாத பண்பு. 1981 காற்றுச் சட்டத்தின் 26-வது பிரிவு, மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது: அறிவிப்பு கொடுத்து, ஆள் முன்னிலையில் எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு சாட்சியமாகாது. கால் மணிக்கு ஒரு வரியென வருடக்கணக்கில் சர்வர் எழுதி வைத்த கணக்கு முழுவதும் அந்த முத்திரை போட்ட ஒரு புட்டிக்கு ஈடாவதில்லை. தொண்டைமானின் களம் காணாத ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு மின்னுகின்றன என்று ஔவையார் புகழ்ந்தது புறநானூற்றில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் அந்தத் தொண்டை நாட்டு மண்தான். ஏசி அறையில், பெரிய திரைகளில், நம் எண்களும் மின்னுகின்றன.

ரிப்போர்ட் பகுதியின் விசுவாசத்தையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு அனுப்பச் சொன்னோமோ அவருக்கு மட்டும் அனுப்பும். 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில், மாசு அளவுகள் அந்தந்த நேரத்திலேயே மாநில வாரியத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் தெரியும் ஏற்பாட்டை 6 மாதத்துக்குள் தொடங்கச் சொன்னது. நான் பார்த்த திரைகளில் பெறுநர் பட்டியலில் மேனேஜர் இருப்பார், சுற்றுச்சூழல் பிரிவு அலுவலர் இருப்பார். பக்கத்து ஊராட்சியைச் சேர்க்கவும் கீழே இடம் இருக்கும். அந்த இடம் காலியாகவே இருக்கும்.

சர்வர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 2015-இல் அமெரிக்காவில் பிடிபட்ட ஃபோக்ஸ்வாகன் கார்களில் இருந்த மென்பொருளும் இப்படித்தான் சொன்ன சொல் தட்டாமல் நடந்தது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்தது. அந்தப் பழியை யாரும் மென்பொருள் மீது போடவில்லை, எழுதியவர்கள் மீதும் எழுதச் சொன்னவர்கள் மீதும் போட்டார்கள்.

நல்லபடி எழுதினாலும் அது அப்படியே கேட்கும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. 1990-களில் அமில மழையைத் தடுக்க அங்கே மின் நிலையங்களின் சிம்னிகளுக்கு விதி எழுதியவர்கள், தரவு வராத மணி நேரத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். இடைவெளி கொஞ்சமாக இருந்தால் முன்பின் அளவுகளை வைத்து நிரப்ப வேண்டும். கூடக்கூட, நிரப்பும் எண்ணும் கூடும். தரவு கிடைத்த நேரம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், அந்தச் சிம்னியில் எவ்வளவு உச்சமாகப் போக முடியுமோ அந்த அளவே போனதாகக் கொள்ள வேண்டும். இந்த விதி வந்தபின் மௌனம் முதலாளிக்கு நஷ்டம். கருவி பழுதானால் அன்றே சரிசெய்ய ஆள் ஓடும். நம் வாரியமும் இதை எழுதலாம். எதிர்மறை எண்ணைப் பூஜ்யமாக்கும் டிக்கைத் தடை செய்யலாம், செட்டிங்கை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவை அளவுகளுக்குப் பக்கத்திலேயே வெளியிடலாம். இதற்குப் புது இயந்திரம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

அதுவரை, கும்மிடிப்பூண்டிக்காரர்களிடமும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தோணிப் பிள்ளை நகரில் இருக்கும் காற்றுத் தர நிலையத்தின் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நாள் சராசரியைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மணிவாரியாக எடுத்து, இரவு 10 முதல் காலை 5 வரையுள்ள வரிகளைப் படியுங்கள். எண் இருக்கும் இடத்தைவிட, எண் இல்லாத இடத்தைக் குறித்து வைத்து, ஏன் இல்லை என்று வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.