எலுமிச்சம்பழம் வெச்சே, காத்து அடிச்சியா?

புது வண்டி எடுத்திருக்கியாமே தம்பி? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். திருவேற்காட்டு கருமாரியம்மன் கோயிலாண்ட பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, முன்னாடி கருப்புக் கயிறு கட்டி, ஷோக்கா ஒரு போட்டோவும் புடிச்சியாம். ஆத்தா காப்பாத்துவா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாக்கிறது ஆத்தா வேலையா, உன் வேலையா?

உள்ள எட்டிப் பாத்தேன். கதவு அகலத்துக்கு ஒரு டிவி. குந்துற எடத்துல ஜில்லுனு காத்து. கூரையில ஒரு ஓட்டை, அதுக்குத் தனிக் காசு. டிக்கியில ஜாக்கி மட்டும் கம்பெனிக்காரன் குடுத்த பாலிதீன் கவரைப் பிரிக்காமயே கெடக்குது. அதைப் பிரிக்கிறதுக்கு நல்ல நாள் பாத்துக்கிட்டு இருக்கியா? மழை கொட்டுற ராத்திரி ஒண்ணு வரும், அன்னிக்குப் பிரிப்பே.

நீ குடியிருக்கிறது இன்னா ஊருன்னு உனக்குத் தெரியுமா? 1961-ல சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் வந்துச்சு. வண்டியைக் கெளப்புற செல்ஃப் மோட்டாரும், பேட்டரிக்குக் கரண்டு ஏத்துற டைனமோவும் அங்க செஞ்சது. அடுத்த வருசம் பிரேக்ஸ் இந்தியா. பக்கத்துலயே சக்கரம் செய்யுற வீல்ஸ் இந்தியா. 1964-ல அம்பத்தூர் எஸ்டேட்டு. ஆவடியில 1965 கடைசியில விஜயந்தா டாங்கியே உருண்டு வெளிய வந்துச்சு. டன்லப் கம்பெனி டயர் செஞ்சு, மூடியும் போயிடுச்சு, பஸ் ஸ்டாப்பு பேரு மட்டும் இன்னும் டன்லப்புதான். இந்தப் பக்கத்துல லேத்துல நின்னவங்களும் ஃபிட்டர் வேலை பாத்தவங்களும் தெருவுக்குத் தெரு இருக்காங்க. அவங்க பேரன் நீ. டேஷ்போர்டுல எண்ணெய்க் கிண்ணம் படம் ஒண்ணு செவப்பா எரிஞ்சா, "இது இன்னா அலாவுதீன் விளக்கா?"ன்னு போட்டோ எடுத்து குரூப்புல போடுறே. அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா அங்க விடிஞ்சு எழுந்து பதில் போடுற வரைக்கும் வண்டியை ஓட்டிக்கிட்டும் இருக்கே.

அந்தப் படத்துல பூதம் வராது தம்பி, பில்லு வரும். இன்ஜினுக்குள்ள ஆயில் பிரஷர் இல்ல, இரும்பும் இரும்பும் உரசுதுன்னு அது கத்துது. அந்த நிமிசமே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்கணும். நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் அம்பத்தூர் ஓ.டி.யாண்ட அதைப் பாத்தான். "திங்கக்கிழமை சர்வீஸ் இருக்குதே, அன்னிக்குச் சொல்லிக்கலாம்"னு இருந்துட்டான். இன்ஜின் திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? பட்டாபிராம் போறதுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம், அப்பால சத்தமே இல்ல.

இதுக்கெல்லாம் பெரிய படிப்பு வேணாம். செவப்புன்னா நிறுத்து. மஞ்சள்னா சீக்கிரமா ஆளாண்ட காட்டு. பச்சை, நீலம்னா பெரும்பாலும் நீ ஏதோ போட்டு வெச்சிருக்கேன்னு ஞாபகப்படுத்துது, அவ்வளவுதான். நீலத்தை வுட்டா, ரோட்டு சிக்னல்ல பாத்த நிறம்தானே? ஓ, நீ அங்கயும் நிக்கிறதில்லையோ!

செவப்புல பிரேக் லைட்டு எரிஞ்சா, பதறுறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்கை எறக்கினியான்னு பாரு. மெக்கானிக்கை அவ்வளவு தூரம் வரவழைச்சு, அவன் குனிஞ்சு அந்தக் கம்பியை எறக்கிவுட்டு, காசும் வாங்கிக்கிட்டுப் போன கதை எனக்குத் தெரியும். எறக்கியும் எரியுதா? பெடல் உள்ள போயிக்கிட்டே இருக்குதா? அப்ப ஓட்டாதே. பேட்டரி படம் எரிஞ்சா புதுப் பேட்டரி வாங்க ஓடாதே. சார்ஜ் ஏறலன்னுதான் அது சொல்லுது. பெல்ட்டு அறுந்திருக்கும், இல்ல டைனமோ படுத்திருக்கும். ஏசியை அணை, பாட்டை அணை, நிறுத்த நல்ல எடம் கெடைக்கிற வரைக்கும் இன்ஜினை மட்டும் அணைக்காதே, அணைச்சா மறுபடி எடுக்காது. ஒரே ஒரு விசயம், அறுந்தது பெல்ட்டுன்னா சில வண்டியில தண்ணி பம்பும் கூடவே நின்னுடும். சூடு ஏறுதான்னு ஒரு கண்ணு வெச்சுக்கோ. மஞ்சள்ல இன்ஜின் படம் சும்மா எரிஞ்சா, பெட்ரோல் மூடியை ஒழுங்கா திருகாததுக்குக்கூட எரியும். விட்டு விட்டு மின்னினா மட்டும் வேகத்தைக் கொறச்சு நிறுத்தப் பாரு.

கரண்டு வண்டி வாங்கினவனுக்கு ஆமை படம் வருமாம். ஆமை புகுந்த வூடு உருப்படாதுன்னு எங்க ஆயா சொல்லும், ஆமை புகுந்த வண்டி உருப்படுமான்னு அதுக்கிட்ட கேக்க முடியாம போச்சு. பயப்படாதே. சார்ஜ் கொறஞ்சுபோச்சு, இல்ல பேட்டரிக்கு ஒத்துக்கல, இனி மெதுவாத்தான் போவேன்னு சொல்லுது. அந்த வண்டியைக் கயிறு கட்டி மட்டும் இழுக்காதே. சக்கரம் சுத்தினா மோட்டாரும் சுத்தும், அது வேற செலவு. லாரி மேல ஏத்திக்கிட்டுத்தான் போகணும்.

படம் காட்டாமலும் வண்டி பேசும். பிரேக் அடிக்கும்போது கீச்சுனு ஒரு சத்தம் வருதே, எதுக்குன்னு நினைச்சே? பிரேக் பேடு தேஞ்சா உரசிக் கத்தட்டும்னே அதுல ஒரு சின்னத் தகடு வெச்சிருக்கான். ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சு உனக்காகச் செஞ்சது அது. நீ இன்னா செய்யுறே? பாட்டு சவுண்டை ஏத்துறே.

சூட்டுக்கு வருவோம். இதுலதான் உங்க ரவுசு தாங்கல. அக்னி நட்சத்திரம். பூந்தமல்லி ரோட்டுல வண்டி நகருறது எப்படின்னு உனக்கே தெரியும். குமணஞ்சாவடியில நிக்குது, காட்டுப்பாக்கத்துல நிக்குது. நீ ஏசியை முழுசா வெச்சுக்கிட்டு போன்ல பேசிக்கிட்டு இருக்கே. அந்தக் காலத்து அம்பாசிடர்ல சூட்டுக்குன்னு ஒரு முள்ளு இருந்துச்சு, ஏறுறது கண்ணுக்குத் தெரியும். இப்ப நெறைய புது வண்டியில கதவு அகலத்துக்கு டிவி வெச்சவன் அந்த முள்ளை எடுத்துட்டான். செவப்பு விளக்கு ஒண்ணு எரியும், அது எரியும்போது பாதி காரியம் முடிஞ்சிருக்கும். பானட்டுலேர்ந்து பொகை மாதிரி வந்த அப்பால நீ எறங்கி, வாட்டர் பாட்டிலோட வீரமா ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போவே.

நில்லு. அந்த மூடியோட கதை தெரியுமா? பாடியில தொழில் ஆரம்பிச்ச சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் கம்பெனி, 1990-கள்ல அமெரிக்காவுல இருக்கிற ஜெனரல் மோட்டார்ஸ்காரனுக்கே ரேடியேட்டர் மூடி செஞ்சு அனுப்புச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் கடல் தாண்டி வந்து வாங்கினான்னா அது சும்மா டப்பா மூடியா? தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சியா? இந்த மூடி உள்ள அழுத்தத்தைப் புடிச்சு வெக்கிறதால, 100-ஐத் தாண்டியும் அந்தத் தண்ணி கொதிக்காம அடங்கிக் கெடக்கும். நீ மூடியைத் திருகினே, அழுத்தம் போச்சு. அடங்கிக் கெடந்தது மொத்தமும் ஒரே மூச்சுல கொதிச்சு உன் மூஞ்சிக்கு வரும். பூந்தமல்லி ரோட்டுல கூட்டம் கூடும். வீடியோ எடுப்பான், தண்ணி எவனும் ஊத்த மாட்டான்.

அப்ப இன்னா பண்றது? செவப்பு விளக்கு மட்டும் இருக்கிற வண்டின்னா, அது எரிஞ்ச ஒடனே ஓரம் கட்டு. முள்ளு இருக்கிற வண்டின்னா, அது ஏற ஆரம்பிக்கும்போதே ஏசியை அணைச்சுட்டு ஹீட்டரை முழுசா போடு. "வெயில் காலத்துல ஹீட்டரா பெரியவரே, உங்களுக்கு இன்னா ஆச்சு?"ன்னு கேப்பே. இன்ஜின் சூட்டை இழுத்து உன் மேல ஊதுறதுதான் ஹீட்டர். நீ கொஞ்சம் வேர்த்தா அது கொஞ்சம் ஆறும். ஓரமா நெழல் கெடைச்சா நிறுத்து. அணைச்சுட்டு எறங்கி டீ குடி. ஒரு டீ பத்தாது, அரை மணி நேரமாவது ஆகும். மேல போற ரப்பர் குழாயைத் தொட முடியுதான்னு பாத்து, துணியைப் போட்டு மூடியை ரவ ரவயா திருகு. கூலன்ட்டு டப்பாவையும் சூட்டுல திறக்காதே, நெறைய வண்டியில அதுக்கும் அழுத்தம் இருக்கு. அனல் அடிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா ஹெட்டு விரிசல் வுட்டுடும். அவசரத்துல ஊத்தின ஒரு பாட்டில் தண்ணிக்கு அப்பால உன் சம்பளம் பத்தாது.

வெயில்ல இப்படின்னா, மழையில வேற பேஜாரு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, மறந்துட்டியா? கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட்டு எல்லாம் தண்ணி. பள்ளிக்கரணையில கார் ஒண்ணு மேல ஒண்ணு மிதந்து போனதை நாடே டிவியில பாத்துச்சு. தேங்கின தண்ணியில வண்டி நின்னுபோச்சுன்னா உன் கை சும்மா இருக்காது. பட்டனை அமுக்கு, அமுக்கு, அமுக்கு. அமுக்காதே! காத்தை அமுக்கினா சுருங்கும், தண்ணி சுருங்காது. உள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் போச்சு. இன்சூரன்ஸ்காரன் வந்து, "தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"னு மரியாதையா கேப்பான். இன்ஜினுக்குன்னு தனியா சேர்த்து எடுத்திருந்தாலொழிய காசு வர்றது கஷ்டம். எறங்கு, தள்ளு, வுட்டுட்டு வூட்டுக்கு நடந்து போ.

மறு வருசம், 2024 அக்டோபர்ல, மழை வருதுன்னு சொன்ன ஒடனே வேளச்சேரிக்காரங்க காரை எல்லாம் மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்திட்டாங்க. ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. ஏரி உடையும்னு தெரிஞ்சா எங்க பெரியவங்களும் மொதல்ல மாட்டைத்தான் அவுத்து மேட்டுக்கு ஓட்டுவாங்க. டிவி பொட்டியும் கூரை ஓட்டையும் வெச்ச வண்டிக்காரன் ஒருத்தன் புத்தியோட ஒரு காரியம் செஞ்சான்னா அன்னிக்குத்தான். அதுக்கும் சிரிக்கிறீங்க!

நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா? வானகரம் பைபாஸ்லயும் நசரத்பேட்டை வெளிவட்டச் சாலையிலயும் ராத்திரி லாரி வர்ற வேகம் உனக்குத் தெரியும். நாலு இண்டிகேட்டரையும் போடு, முடிஞ்ச வரைக்கும் எடது ஓரம் ஒதுக்கு. முக்கோணப் பலகையை பம்பருக்கு அடியில வெக்காதே. அது வண்டிக்கு அலங்காரம் இல்ல, வர்றவனுக்குச் சேதி. ஒரு அம்பது தப்படி பின்னால போயி வை. பொஞ்சாதி, புள்ளைங்களை எடது பக்கமா எறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தாண்ட நிக்க வை. நீயும் அங்கயே நில்லு. வண்டிக்குப் பின்னாடி சாஞ்சுக்கிட்டு "ஸ்டக்கு"ன்னு ஸ்டேட்டஸ் போடுறியே, வர்ற லாரிக்காரன் அதைப் படிச்சுட்டா பிரேக் போடுவான்? அவசரம்னா எங்கயும் 112. பைபாஸு, பெங்களூரு ரோடு மாதிரி தேசிய நெடுஞ்சாலைன்னா 1033.

ஓடும்போது டயர் வெடிச்சா பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. ஸ்டீரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல வுடு, வேகம் தானா எறங்கும். மாத்தும்போது ஜாக்கி ஏத்துறதுக்கு முன்னாடியே நட்டைத் தளர்த்திக்கோ, எதிர் மூலை சக்கரத்துக்கு ஒரு கல்லு வை. ஆணி ஏறி காத்து மெல்ல எறங்குதுன்னா ஆணியைப் புடுங்கிப் பாக்காதே. அது அங்க இருக்கிற வரைக்கும்தான் பஞ்சர் கடை வரைக்கும் போவே.

வூட்டாண்ட நிக்கிற வண்டிக்கு அடியிலயும் காலையில ஒரு தபா குனிஞ்சு பாரு. தெளிவா தண்ணி சொட்டினா ஏசி தண்ணி, வுடு. கருப்பா பிசுக்குன்னு இருந்தா ஆயில். ரோஸோ பச்சையோ இருந்து, தொட்டா வழவழன்னு இருந்துச்சுன்னா கூலன்ட்டு.

ஆமா, வெளிய நிக்கிறது உன் வண்டிதானே? அடியில பச்சையா ஓடுதே, இன்னா அது? எலுமிச்சம்பழச் சாறுன்னு சொல்லிடாதே தம்பி.