வரி நோட்டீஸைக் கல்லாவுக்கு அடியில் வைப்பது எப்படி?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் புதிதாகக் கடை போட்டிருக்கிறீர்கள். மூட்டை தூக்குபவர் குரல் கொடுத்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கடன் சொல்லப் போகிறவரை அவர் நடையிலேயே கண்டுபிடிக்கவும் பழகிவிட்டீர்கள். மிச்சமிருப்பது வரி நோட்டீஸைக் கையாளும் கலைதான். அதை இங்கே எல்லா டீக்கடையிலும் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். நான் தொகுத்து மட்டும் தருகிறேன்.

நோட்டீஸ் உங்கள் கண்ணில் படாமலே பார்த்துக்கொள்வது உத்தமம். ஜிஎஸ்டி பதிவு செய்யும்போது, ‘எனக்கு ஈமெயில் எல்லாம் கிடையாதுப்பா’ என்று சொல்லி, பிரவுசிங் சென்டர் பையனின் ஈமெயிலையும் செல் நம்பரையும் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் அவன் சிங்கப்பூர் விமானம் ஏறிவிடுவான். ஓடிபியும் அவனோடு போய்விடும். தபால்காரர் வரவில்லை, எனவே நோட்டீஸும் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். சட்டம் மட்டும் வேறு மாதிரி நினைக்கிறது. இணையதளத்தில் ஏற்றிவிட்டாலே உங்களிடம் கொடுத்த மாதிரி என்பது துறையின் கணக்கு. ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்றொரு மூலையில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிகள் ஏராளம். பல வழக்குகளில் நீதிமன்றம் இரக்கப்பட்டு, கேட்ட வரியில் 10 சதவீதத்தைக் கட்டிவிட்டு மறுபடி விளக்கம் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. வக்கீல் செலவு அதில் சேராது.

அப்படியும் எப்படியோ தெரிந்துவிட்டால், பக்கத்துக் கடை அண்ணனிடம் காட்ட வேண்டும்.

“அண்ணே, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

“கிழிச்சுப் போடு தம்பி. கள்ளிக்குடிக்குப் போகச் சொல்லி எத்தனை கடுதாசி வந்துச்சு? போனோமா?”

இந்த வாதத்தை லேசாக எடைபோடாதீர்கள். இந்த மார்க்கெட்டை இடம் மாற்றுவதற்காக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் வணிக வளாகம் கட்டி, 2017-இல் திறந்தும் வைத்தார்கள். மார்க்கெட் அசையவில்லை. கூட்டம் போட்டது, கடையடைப்பு செய்தது, கோர்ட்டுக்குப் போனது. 2020 கொரோனாவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனபோதும், கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அரசாங்கக் காகிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் ஜெயிக்கலாம் என்று இந்த மார்க்கெட் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கள்ளிக்குடிக் கடுதாசி சங்கத்துக்கு வந்தது. இது உங்கள் பான் நம்பருக்கு வந்திருக்கிறது. இதற்காக யாரும் கடையடைப்பு செய்ய மாட்டார்கள். அண்ணனும்தான்.

அடுத்து, கியூஆர் அட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது. இதற்கு வழிகாட்டி பெங்களூரு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு, நான்கு வருட வரவு 1.63 கோடி என்று சொல்லி 29 லட்சம் கேட்டார்கள். ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று கடைகளில் அட்டை தொங்கியது. பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகுதான் சூடு தணிந்தது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. வரவு எவ்வளவு என்பதை இயந்திரம் பார்த்தது. விற்றது கத்தரிக்காய் என்பதை யாராவது எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். பிளாஸ்திரி அதைச் சொல்லாது.

நீங்கள் காய்கறி மட்டும் விற்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. விற்பனை எத்தனை லட்சமானாலும் பதிவு வேண்டாம். ஆனால் முன்னேற வேண்டாமா? எனவே துவரம்பருப்பை அரைக் கிலோ பாக்கெட்டில் அடைத்து, மகள் பெயரில் லேபிள் ஒட்டுங்கள். மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டால் வரி இல்லாத அதே பருப்புக்கு, 2022 ஜூலை 18 முதல் லேபிளோடு சேர்த்து 5 சதவீதம். 25 கிலோ வரைதான் இந்த வரி என்றதும், நம் ஊர் அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. கூடுதல் ஒரு கிலோவை நாம்தான் முதுகில் சுமக்கிறோம்.

பொறி இருப்பது இன்னும் உள்ளே. காய்கறி 38 லட்சம், பாக்கெட் பருப்பு 3 லட்சம் என்று வையுங்கள். காய்கறிக்கு வரி இல்லை, பருப்பு 3 லட்சம்தானே, 40 லட்ச வரம்பு எங்கோ இருக்கிறது என்று காலை நீட்டிக்கொள்வீர்கள். வரம்புக்கு வரியில்லாத சரக்கும் கூட்டப்படும். கூட்டினால் 41. பதிவு கட்டாயம். வரி மட்டும் பருப்புக்குத்தான். போனால் 15,000 ரூபாய். அதை நோட்டீஸ் லட்சங்களில் கேட்டிருந்தால், உங்கள் கொள்முதல் பில்தான் உங்கள் வக்கீல். அதைத்தான் போன வாரம் போண்டா மடிக்கக் கொடுத்துவிட்டீர்கள்.

வேண்டுதலும் உண்டு. மலைக்கோட்டை ஏறுங்கள், சமயபுரத்துக்கு நடங்கள், தப்பில்லை. பதில் போட்டுவிட்டு நடங்கள். பிள்ளையார் கெடு வைப்பதில்லை.

எதுவும் பலிக்காவிட்டால் நோட்டீஸைப் பிரித்துப் படிக்கும் விபரீதத்தில் இறங்க வேண்டியதுதான். முதலில் அது நிஜமா என்று பாருங்கள். மேலே இருக்கும் எண்ணை அரசு இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்து, ஜிபே செய்யச் சொன்னால் அது வரி இல்லை. நிஜமென்றால் படிவத்தின் பெயரைப் பாருங்கள். ஏஎஸ்எம்டி-10 என்றால் கணக்கு இடிக்கிறது, விளக்கம் சொல் என்று அர்த்தம்; பதிலுக்கு 30 நாள் வரை தருவார்கள். டிஆர்சி-01 என்றால் குரல் உயர்ந்துவிட்டது. டிஆர்சி-07 என்றால் முடிவே எழுதியாகிவிட்டது. 3 மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு. கல்லாவுக்கு அடியில் அது தூங்கும் ஒவ்வொரு நாளும் வருடத்துக்கு 18 சதவீத வட்டி ஓடும். மார்க்கெட்டில் தண்டல்காரரை விட மலிவுதான், ஆனால் அவரிடம் பேரம் பேசலாம்.

பெரும்பாலும் குற்றம் உங்களுடையதாகக்கூட இராது. உங்களுக்குச் சரக்கு போட்ட மொத்த வியாபாரி வரியை உங்களிடம் வாங்கிக்கொண்டு, ரிட்டன் போடாமல் இருந்திருப்பார். அந்த வரியை நீங்கள் கழித்திருப்பீர்கள். அவர் போடாத ரிட்டனுக்கு உங்கள் தலையில் பில். போன் போட்டுச் சண்டை பிடியுங்கள். கட்டியே ஆக வேண்டிய தொகை என்றாகி, கையில் இல்லையென்றால், ஆணையில் வந்த பாக்கிக்கு 24 மாதத் தவணை வரை கேட்டு மனுப் போட வழியிருக்கிறது. டீக்கடையில் இதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எல்லாம் முடிந்ததும் ஆடிட்டர் தன் பில்லை நீட்டுவார். அதிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருப்பார். பதறாதீர்கள், வரியுள்ள சரக்கின் பங்குக்கு உள்ளீட்டு வரியாக அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டர் தன் ரிட்டனை நேரத்தில் போட்டிருந்தால்.