பெஞ்சுத் துப்பறிவாளர்

கோவைப் பக்கம் எந்தப் பேக்கரிக்குப் போனாலும் அவர் இருப்பார். கல்லாவும் வாசலும் ஒருசேரக் கண்ணில் படுகிற பெஞ்சு அவருடையது. பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், இரண்டு மணி நேரம். கடைக்காரர் அவரை எழுப்பிவிடப் பார்ப்பதில்லை. எழுப்பினால் அதுவும் ஒரு தடயமாகிவிடும்.

படிப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்கள்தாம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் இல்லாமல் மூளை ஓடாது. ஆகவே இவர் டீக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலாவும் சுபாவின் நரேந்திரன், வைஜயந்தியும் துப்பும் காதலும் ஒரே அட்டைக்குள் அடங்கும் என்று கற்றுக்கொடுத்தார்கள். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமார் உள்ளூர்க்காரர் என்பதால், இந்த ஊரில் எந்தச் சந்திலும் ஒரு பிணம் கிடக்கலாம் என்பது இவருடைய திடமான நம்பிக்கை. பிணம்தான் இதுவரை அகப்படவில்லை. அதனால் காதல் வழக்குகளை எடுத்துக்கொண்டார்.

எதிர் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பெண், தினமும் சாயங்காலம் கால் கிலோ உப்பு பிஸ்கட் வாங்குவாள்.

"வூட்ல இருக்கறது ரெண்டே பேரு. தெனமும் கால் கிலோவா? கணக்கு இடிக்குது தம்பி" என்பார் பக்கத்தில் பப்ஸ் தின்பவரிடம். சரியாக ஆறு மணிக்கு மாஸ்டர் உள்ளேயிருந்து தட்டோடு வருவார். ஆறு மணிக்குத்தான் பப்ஸ் வேகும் என்பது ஊருக்கே தெரிந்த காரணம். ஊருக்கே தெரிந்த காரணத்தை எந்தத் துப்பறியும் நாவல் ஏற்றுக்கொண்டிருக்கிறது? கண்ணாடிப் பெட்டியில் மைதா ஒட்டிய கைரேகை வேறு. பேக்கரியில் மைதா!

விசாரணை தொடங்கியது.

"ஏம் அம்மிணி, நம்ம மாஸ்டருக்கு எந்த ஊரு?"

"எனக்கெப்படீங்க தெரியும்?"

பதறாமல் சொன்னாள். முன்கூட்டியே தயார் செய்த பதில் என்று குறித்துக்கொண்டார். அடுத்து மாஸ்டர்.

"ஏனுங் மாஸ்டர், அந்த மெடிக்கல் ஷாப் புள்ளைக்கு உங்க கைப் பிஸ்கட்டுன்னா உசுராமே?"

"எந்தப் புள்ளைங்க?"

"பாத்தீங்களா தம்பி, தெரியாத மாதிரியே கேக்கறான்!"

மாஸ்டருக்கு உண்மையிலேயே தெரியாது. நள்ளிரவில் மாவு பிசைந்து, பகலில் தூங்கி, அடுப்பு முகத்திலேயே காலம் கழித்த மனிதர். எந்தப் புள்ளை என்று மறுநாள் எட்டிப் பார்த்தார். பெரியவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசித்தபடி அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வாரம் கால் கிலோ பிஸ்கட்டின் மேல் ஒரு ஜப்பான் கேக் உட்கார்ந்திருந்தது. பில்லில் அது இல்லை. ஆவணியில் பத்திரிகை வந்தது.

ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு, அசட்டுத்தனமாக எங்கேயாவது தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் குற்றவாளி இருப்பான். நம்மவர் ஒரு படி மேலே. இல்லாத வழக்கை எடுத்து, சந்தேகப்பட்டே அதை உண்டாக்கி, கண்டும் பிடித்துவிட்டார். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை ஜிலேபி கேட்கும்போதும், "மொத அத்தியாயத்துலயே சொன்னேனுங்களே!" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மாஸ்டர் ஆறு மணிக்கு எட்டிப் பார்ப்பதில்லை. பையன் தட்டைக் கொண்டுவருகிறான். அவளும் கடைப்பக்கம் வருவதில்லை. பெஞ்சில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. "காதல் முடிஞ்சுதுங்க. கதைப்படி அடுத்தது கொலைதான்" என்று பக்கத்திலிருப்பவர் காதில் சொல்கிறார். "மாஸ்டர் முட்டை ஒடைக்கற வேகத்தப் பாருங்க. எனக்கென்னமோ ஆள் சரியில்லைன்னு படுது."